செவந்திக்கு வந்த நெஞ்சுவலி

திலகவதியை மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து காரில் கூட்டிவந்த அன்று தெருவே அவள் வீட்டு வாசலில் திரண்டு நின்றது. சிங்கப்பூரிலிருந்து ஓடி வந்திருந்த மகன் அரவிந்த்குமார், அம்மாவைத் தோளோடு அணைத்து மெதுவாக இறக்கினான். இருதயத்துக்குப் போகும் குழாயில் அடைப்பாம், ஸ்டென்ட் வைத்திருக்கிறார்களாம். கூட்டத்துக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள் செவந்தி. அவளும் திலகவதியும் ஓரகத்திகள். அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டு, பொன்னமராவதிக்குப் பக்கத்திலிருக்கும் இந்த ஊருக்கு வந்தவர்கள். செவந்தி மூத்தவள்.

"பாவம்" என்றது வாய். வயிறு எரிந்தது.

அடுத்த நாளிலிருந்து ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். ஆப்பிள், மாதுளை, ஹார்லிக்ஸ் பாட்டில். இதுவரை எட்டிப் பார்க்காத சொந்தக்காரர்கள்கூட வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "தூங்குறியாத்தா? பசி எடுக்குதா?" என்று கேட்டார்கள். செவந்தி தன் வீட்டுக் கதவோரத்தில் இருந்தபடியே யார் யார் போகிறார்கள் என்று பார்ப்பாள். ஒருவரும் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

அவளுந்தான் தூங்கவில்லை. புருஷன் சோலையப்பன் இறந்ததிலிருந்து அவளுக்குத் தூக்கமே இல்லை. சோறு மண் மாதிரி இருந்தது. அடுப்புப் பற்றவைக்க உட்கார்ந்தால் தீப்பெட்டியைக் கையில் வைத்தபடியே பொழுது போய்விடும். கடலைக் காட்டில் களை வெட்டும்போது காரணமில்லாமல் கண்ணில் தண்ணீர் வழியும். ஆனால் அதற்கெல்லாம் யார் ஆப்பிள் வாங்கி வருகிறார்கள்? திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் மகன் குணசேகரனிடம் ஒரு தடவை போனில் சொல்லிப் பார்த்தாள்.

"மனசே சரியில்லப்பா."

"சும்மா ஒக்காந்து யோசிச்சா அப்புடித்தாம்மா இருக்கும். டிவியப் போட்டுப் பாரு."

அதற்குப் பிறகு அவள் சொல்லவில்லை.

ஊர் ஊராகப் போய் வீட்டிலேயே பிரஷர் பார்த்து மாத்திரை கொடுக்கும் அன்புச்செல்வி அந்த மாதம் வந்தாள். வழக்கமாக முதலில் செவந்தி வீடு. இந்தத் தடவை நேராகத் திலகவதி வீட்டுக்குள் போய்விட்டாள். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. வெகுநேரம் கழித்து இங்கே வந்து அவசரமாகக் கையில் பட்டையைச் சுற்றினாள். மாத்திரை அட்டைகளை நீட்டி, "விடாமப் போடுங்க பெரியம்மா" என்று கிளம்பிவிட்டாள்.

செவந்தி அந்த அட்டைகளை அரிசித் தகரத்துக்குப் பின்னால் செருகினாள். அன்றைக்கு ஒன்றும் அவள் திட்டம் போடவில்லை. கோபந்தான். இரண்டு நாள் போனதும் அந்தக் கோபத்துக்குள் ஓர் ஆசை வந்து உட்கார்ந்தது. எனக்கும் நெஞ்சு வலிக்கட்டுமே. குணசேகரன் வந்துதானே ஆகவேண்டும்?

மாத்திரையைத் தொடாமலே நாள் போகப் போகப் பின்கழுத்து வலித்தது. எழுந்து நின்றால் வீடு சுற்றியது. மறு மாதம் பிரஷர் பார்த்த அன்புச்செல்வி முகம் சுளித்தாள்.

"மாத்திரை போடுறீங்களா இல்லையா?"

"போடாம என்னத்தா?"

"எகிறிக் கெடக்கு. நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வாங்க, டாக்டரப் பாப்போம்."

செவந்தி போகவில்லை.

நூறு நாள் வேலைக்குக் கண்மாய்க் கரையில் மண் அள்ளிக்கொண்டிருந்த காலையில் அது வந்தது. நெஞ்சுக்குள் யாரோ முறுக்கிப் பிழிவதுபோல. இடது கை மரத்தது. சட்டி கையிலிருந்து நழுவ, அப்படியே சரிந்தாள். ஆசையெல்லாம் அந்த நொடியில் பறந்துபோய்விட்டது. சாகக் கூடாது, சாகக் கூடாது என்று மட்டும் மனசு அடித்துக்கொண்டது. கூட வேலை பார்த்தவர்கள் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டு, புதுக்கோட்டை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

குணசேகரன் வந்தான். கண் சிவந்திருந்தது. பஸ்ஸில் அழுதிருப்பான் போல. தலைமாட்டில் உட்கார்ந்து இட்லியைப் பிட்டு ஊட்டினான். செவந்திக்கு நிறைந்துபோனது. ஆனால் மறுநாளே கம்பெனியிலிருந்து போன் மேல் போன். "ஆர்டர் முடிச்சுக் குடுத்துட்டு வாரேம்மா" என்று கிளம்பினான். திலகவதி மகன் எத்தனை நாள் இருந்தான் என்று அப்போதும் அவள் மனசு ஒப்பிட்டுப் பார்த்தது.

வார்டு டாக்டர் வைஷ்ணவி சின்னப் பெண். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"தூக்கம் வருதாம்மா?"

செவந்தி அவளையே பார்த்தாள். இந்தக் கேள்வியை இதுவரை யாரும் அவளிடம் கேட்டதில்லை.

"அழுகை வருதா? எதுலயும் பிடிப்பு இல்லாம இருக்கா?"

அவ்வளவுதான். சோலையப்பன் செத்தது, தீப்பெட்டி, கடலைக் காடு, திலகவதி வீட்டு ஆப்பிள், தகரத்துக்குப் பின்னால் கிடக்கும் மாத்திரை என்று எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். டாக்டர் திட்டவில்லை.

"மனசு இப்புடிச் சோந்து போறதும் வியாதிதான்மா. அத விட்டுட்டா நெஞ்சையும் சேத்துக் கெடுக்கும். ரெண்டையும் சேத்தே பாப்போம். ஆனா மாத்திரைய மட்டும் நீங்களா நிறுத்தக் கூடாது."

வீட்டுக்கு வந்து பல வாரம் ஒரு மாற்றமும் தெரியவில்லை. அப்புறம் ஒருநாள் விடிந்தபின் கண் விழித்தபோதுதான், நன்றாகத் தூங்கியிருக்கிறோம் என்று அவளுக்கே தெரிந்தது. கருவாட்டுக் குழம்பு ருசித்தது. அன்புச்செல்வி இப்போது பிரஷர் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசிவிட்டுப் போனாள்.

அரவிந்த்குமார் சிங்கப்பூருக்குத் திரும்பிப்போய்விட்டான். திலகவதி வீட்டுக்கு ஆட்கள் வருவதும் நின்றுவிட்டது. அதைப் பார்க்க முதலில் செவந்திக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. பிறகு ஒரு சாயங்காலம் உள்ளே போனாள். விளக்குப் போடாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள் திலகவதி.

"என்னத்தா, இப்புடிக் கெடக்க?"

"ஒனக்கென்னக்கா" என்றாள் திலகவதி, திரும்பாமலே. "ஒம் மகன் ராத்திரி பஸ் ஏறுனா காலையில வந்துருவான். எம் மகன நான் போன்லதான பாக்க முடியும்?"

செவந்தியைப் பார்த்தும் ஒருத்தி வயிறு எரிகிறாள்! சொல்லக் கூடாதுதான், ஆனால் உள்ளுக்குள் இனித்தது. அந்த இனிப்பு அடங்கியபிறகுதான் திலகவதியின் குரல் காதில் விழுந்தது. சோறு மண்ணாக இருந்தபோது தனக்கிருந்த அதே குரல்.

"தூங்குறியா?" என்று கேட்டாள்.

திலகவதியின் தோள் குலுங்கியது.

"திங்கக்கெழம எங்கூடப் புதுக்கோட்டைக்கு வா. அந்த டாக்டரம்மாகிட்டச் சொல்லு. இப்ப எந்திரி, கண்மாய்க் கரை வரைக்கும் நடந்துட்டு வருவோம்."

கொஞ்ச நேரம் மல்லுக்கட்டி அவளை எழுப்பினாள். வாசலில் திலகவதி குனிந்து, மகன் வாங்கிக் கொடுத்த வெள்ளை ஷூவை மாட்டினாள். பஞ்சுபோல் அடிப்பாகம், நீலக் கயிறு. தன் ரப்பர் செருப்பைப் பார்த்துக்கொண்டாள் செவந்தி. கரை முழுக்க அந்த ஷூவைப் பார்த்துக்கொண்டேதான் நடந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் குணசேகரனுக்குப் போன் போட்டாள்.