முகத்துக்கு இஸ்திரி போட்டவர்

எங்கள் தெருவில் மாமாவை யாரும் போட்டோக்காரர் என்று சொல்வதில்லை. ‘இஸ்திரி’ என்றால்தான் தெரியும். துணி கொண்டுபோக வேண்டாம், முகத்தைக் கொண்டுபோனால் போதும். திரையில் அதைப் பெரிதாக்கி, ஏறிய புருவத்தை இறக்கி, சரிந்த உதட்டைத் தூக்கி, உப்பிய தாடையை உள்ளே தள்ளி, சுருக்கமில்லாமல் கையில் கொடுப்பார்.

யாராவது “மூக்கு கோணலா இருக்கே அண்ணே” என்று வருத்தப்பட்டால் அவருக்குக் கொண்டாட்டம். அந்த முகத்தை நடுவில் வெட்டி, இடது பாதியையே திருப்பி வலது பக்கம் ஒட்டிக் காட்டுவார். திரையில் யாரோ ஒரு ஆள் முழிப்பான்.

“பாத்தீங்களா? ரெண்டு பக்கமும் ஒண்ணா இருந்தா உங்க பொண்டாட்டியே வீட்டுக்குள்ள விடமாட்டாங்க. எல்லார் மூஞ்சியும் கோணல்தான். எத்தனை மூஞ்சி பாத்திருக்கேன் நான்!”

அதில் பொய் இல்லை. அந்த உண்மைதான் அவரைக் கெடுத்தது.

மாமா என்றால் என் அத்தையின் கணவர். கடைக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. அச்சான படங்களை ஓரம் வெட்டி உறையில் போடுவது அத்தையின் வேலை. ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் திரும்பி வந்த அன்று, “அடுத்த விசாவுக்குப் படம் எடுக்க வந்தியா, எங்களைப் பாக்க வந்தியா?” என்று கேட்டுக்கொண்டே டீ கொண்டுவந்தாள். இரண்டுக்கும்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் குடித்த டீ இடது வாயோரம் வழிந்தது. புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள். அது பழகிப்போன கை.

தினமும் பார்ப்பவர்களுக்கு எப்படியோ, நீண்ட நாள் கழித்துப் பார்த்த எனக்குப் பளிச்சென்று தெரிந்தது. இடது காதுக்கு முன்னால் கன்னம் புடைத்திருந்தது.

“என்ன அத்தை, இந்தப் பக்கம் வீங்கியிருக்கு?”

“நானும் கேட்டுக்கிட்டேதான் இருக்கேன். உங்க மாமாவைக் கேளு.”

மாமா திரையிலிருந்து தலையைத் திருப்பவில்லை. “அவ எப்பவும் அந்தப் பக்கமே மெல்லுவா. தாடை ஏறியிருக்கு. இதுக்குப் போய் டாக்டரா? நானே சரி பண்ணிடுவேன்.” மவுசை ஆட்டிக் காட்டினார்.

“ஆமா, பண்ணுவீங்க. குளிக்கும்போது சோப்பு இந்தக் கண்ணுக்குள்ள மட்டும் போகுது. மூடினாலும் முழுசா மூடமாட்டேங்குது. அதுக்கும் மவுசு வெச்சிருக்கீங்களா?”

மாமாவின் கை நின்றது. “இதை ஏன் எங்கிட்ட சொல்லல?”

“சொன்னா, கண்ணை மூடி வெச்சுப் படம் போட்டுத் தருவீங்க.”

மறுநாள் காலையில் கடை திறக்கவில்லை.

மருத்துவர், அத்தை வயதுப் பெண்மணி. புருவத்தைத் தூக்கச் சொன்னார், கண்ணை இறுக்கி மூடச் சொன்னார், பல்லைக் காட்டச் சொன்னார். இடது பாதி எதையும் பாதிதான் செய்தது. காதுக்கு முன்னால் விரலால் அழுத்தி, நகர்கிறதா என்று பார்த்தார்.

“திடீர்னு ஒரு பக்கம் தொங்கிடுச்சா? அன்னிக்குப் பேச்சு குழறுச்சா, கை விழுந்துச்சா?”

“அப்படியெல்லாம் இல்லம்மா.”

“அப்படி ஆகியிருந்தா ஒரு நிமிஷம்கூட வீட்டுல இருக்கக்கூடாது, நேரா ஆஸ்பத்திரிதான். இது மெதுவா வந்ததா, பிறந்ததுலேர்ந்தே இப்படியான்னு எனக்குத் தெரியணும். பழைய போட்டோ இருக்கா?”

“இவரு போட்டோக்காரருங்க” என்றாள் அத்தை.

“அப்புறம் என்ன, கவலையே இல்ல.”

மாமா செல்போனை எடுத்தார். ஒவ்வொரு திருமண நாளுக்கும் அத்தையை உட்காரவைத்து எடுத்த படங்கள், இடையிடையே புது விளக்கைச் சோதிக்க எடுத்தவை. மருத்துவர் தள்ளித் தள்ளிப் பார்த்தார். எல்லாவற்றிலும் ஒரே முகம், தராசு முள் நடுவில் நின்ற மாதிரி.

“இதுல ஒண்ணுமே தெரியலையே?”

“தெரியாது, டாக்டர். எல்லாம் நான் சரி பண்ணது.”

“சரி பண்ணாதது?”

“அழிச்சிட்டேன். வேலை முடிஞ்சா அழிச்சிடறது வழக்கம்.” பிறகு யாரும் கேட்காமலே பேசினார். பேச்சு மேசையைப் பார்த்தபடி வந்தது. “ஆனா கைக்கு ஞாபகம் இருக்கு. முன்னெல்லாம் இவ மூஞ்சியில கன்னத்தைத் தொட்டதே இல்ல. போன வருஷப் படத்துல லேசா உள்ள தள்ளினேன். அதுக்கப்புறம் எடுத்ததுல இன்னும் கொஞ்சம். கடைசியா காது வரைக்கும் தள்ள வேண்டியிருந்துச்சு. உதட்டையும் தூக்கினேன். விளக்கு சரியில்லைன்னு திட்டிக்கிட்டே தூக்கினேன்.”

அத்தை அவரைத் திரும்பிப் பார்த்தாள். திட்டியிருந்தால் அவருக்கு நன்றாக இருந்திருக்கும்.

“எனக்கு வேண்டியது இதுதான்” என்றார் மருத்துவர். “கோணல் எல்லாருக்கும் உண்டு, அது பாட்டுக்கு இருக்கும். வளராது. வளர்ந்தா காட்டணும்.” உமிழ்நீர்ச் சுரப்பியில் கட்டி இருப்பதாகவும், முகத்தை அசைக்கும் நரம்பு அந்தச் சுரப்பிக்குள்தான் ஓடுகிறது என்றும், ஸ்கேன் எடுத்த பிறகே மற்றது சொல்ல முடியும் என்றும் சொன்னார்.

கெட்ட கட்டிதான். ஆனால் வேறெங்கும் பரவியிருக்கவில்லை. எடுத்துவிட்டார்கள். வாயோரத்துக்குப் போகும் நரம்புக் கிளையில் அது ஒட்டியிருந்ததால் அந்தக் கிளையையும் வெட்ட வேண்டியிருந்தது.

“முதல்லயே வந்திருந்தா அதைக் காப்பாத்தியிருக்கலாமா?” மாமா கேட்டார்.

மருத்துவர் பொய் சொல்லவில்லை. “இருக்கலாம்.”

அந்த ஒரு வார்த்தையோடுதான் வீட்டுக்கு வந்தார். வந்ததும் ஸ்டூலைப் போட்டு, கடை முகப்பில் மாதிரிக்காக மாட்டியிருந்த அத்தையின் படத்தைக் கழற்றப் போனார்.

“தொடாதீங்க. நான் லட்சணமா இருக்கறதே அது ஒண்ணுலதான்.”

“அது நீயே இல்லடி.”

“இப்பத்தான் தெரியுதா உங்களுக்கு?”

ஸ்டூலிலிருந்து இறங்க அவருக்கு நேரம் பிடித்தது. படம் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது, அவர் நாற்காலிக்கு நேர் எதிரே.

இப்போது வருகிறவர்களிடமெல்லாம் “இது எப்பலேர்ந்து இப்படி இருக்கு?” என்று கேட்கிறார். போன வாரம் ஒரு மாப்பிள்ளை, “போட்டோவுக்கு வந்தேனா, வைத்தியத்துக்கு வந்தேனா?” என்று கோபித்துக்கொண்டு அடுத்த தெருக் கடைக்குப் போய்விட்டான்.

நேற்று மருத்துவருக்கு அனுப்ப அத்தையைப் படம் எடுத்தார்.

“சிரிக்கவா?”

“சிரி.”

ஒரு பாதி சிரித்தது. படம் திரையில் பெரிதாக விரிந்ததும், அவர் கை தானாக மவுசுக்குப் போய், அம்புக்குறி உதட்டோரத்தைத் தொட்டுவிட்டது. வெடுக்கென்று கையை இழுத்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

“கை வைக்கலையே?” அதற்குள் உள்ளே போயிருந்த அத்தை குரல் கொடுத்தாள்.

“வைக்கல. நீ அனுப்பும்மா” என்றார் என்னிடம். நான் அனுப்பி முடிக்கும்வரை அந்தக் கையின் மேலேயே உட்கார்ந்திருந்தார்.