சொல்லிவிட்டு வந்தவன்

கீழ் வீட்டு ஜெர்மன்காரர் கிராமர் அம்மாள் என்னைத் தேநீர் குடிக்க அழைத்திருக்கிறார். இன்றைக்கில்லை, அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை, நாலு மணிக்கு. ஒரே படிக்கட்டில் தினமும் பார்த்துக்கொள்கிறோம். ஆனாலும் ஜெர்மனியில் தேநீருக்கும் 'டெர்மின்' வேண்டும். முன்கூட்டியே நேரம் குறித்துக்கொள்வதற்கு அதுதான் பெயர்.

வந்த புதிதில் இது தெரியாமல், பொங்கலன்று ஒரு டப்பா சர்க்கரைப் பொங்கலோடு போய் அவர் வீட்டு மணியை அடித்தேன். கதவைப் பாதி திறந்தவர் பதறிப்போய், "தண்ணீர் ஒழுகுகிறதா?" என்று கேட்டார். சொல்லாமல் ஒருவன் வந்தால் குழாய்தான் உடைந்திருக்க வேண்டும்! மறுநாள் கழுவிய டப்பா என் கதவில் தொங்கியது. அன்றிலிருந்து நானும் ஒழுங்கானேன். அடுத்தவர் நேரத்தில் கை வைக்கக் கூடாது என்பது இங்கே ஒவ்வொருவரும் தனக்குத்தானே போட்டுக்கொண்ட கட்டு. நல்ல கட்டுதான். என் வீட்டு மணியையும் யாரும் அடிப்பதில்லை.

போன முறை சொந்த ஊரான உத்திரமேரூருக்குப் போனபோது இந்தப் பழக்கமும் பெட்டியோடு கூடவே வந்துவிட்டது. தங்கை கஸ்தூரியைத் திருப்புலிவனத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். பஸ் ஏறி டிக்கெட் எடுப்பதற்குள் ஊர் வந்துவிடும். அப்பா அம்மா போன பிறகு எனக்கென்று மிச்சமிருப்பது அவள் வீடு ஒன்றுதான். "நாளைக்குப் பகல் பன்னிரண்டரைக்கு வரலாமா?" என்று போனில் கேட்டேன். "பன்னண்டரைக்கா?" என்று திருப்பிக் கேட்டாள். பிறகு, "வாண்ணா" என்றாள்.

போனால், மாப்பிள்ளை இஸ்திரி போட்ட சட்டையில் வாசலில் நின்று வரவேற்கிறார். கஸ்தூரி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, தலைவாழை இலை போட்டு, வடை பாயசத்தோடு பரிமாறினாள். அவள் அடுப்படியில் உட்கார்ந்து சட்டியை வழித்துத் தின்றவன் நான். கூச்சமாக இருந்தது.

"எதுக்கும்மா இவ்ளோ?"

"நீதான டைம் சொல்லிக்கினு வந்த? விருந்தாளிக்கு அப்டித்தான் செய்யணும்." அவள் சிரிக்கவில்லை. "தெனம் ஒலையில ஒரு புடி அரிசி கூடவே போடறேன். காய்ச்சல்ல கெடந்தப்போகூட வுடல. யாருக்குன்னு நெனச்ச? சொல்லாம வர்றவனுக்குத்தான்."

இரண்டும் ஒழுங்குதான். ஜெர்மனியில் அடுத்தவருக்குத் தொந்தரவாகிவிடக் கூடாது என்று இருக்கிறார்கள். அவளோ, வருகிறவன் தன்னைத் தொந்தரவு என்று நினைத்துவிடக் கூடாது என்று இருக்கிறாள். நான்தான் அவளைக் கிராமர் அம்மாள் ஆக்கிவிட்டேன்.

திரும்பி வந்ததிலிருந்து குக்கரில் நானும் ஒரு பிடி சேர்த்துப் போடுகிறேன். இந்த ஊரில் சொல்லாமல் யாரும் வரமாட்டார்கள் என்று தெரியும். மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் நானே தின்கிறேன்.