எண்டர் பட்டனில் ஒரு பொட்டு

இன்று பத்து மணிக்கு எனக்கு ஆன்லைனில் வேலை இன்டர்வியூ. ஒன்பதரைக்கு கம்ப்யூட்டரைப் போட்டால், லோகோவோடு நின்றுவிட்டது. நான்கு முறை அணைத்துப் போட்டேன். அதே லோகோ.

கலும்பாங்கிலிருந்து ரவாங் ஊரில் இருக்கும் கம்ப்யூட்டர் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட நேரமில்லை. கடைக்கார அண்ணனுக்கு போன் போட்டேன்.

"பின்னால சொருவியிருக்கிறத ஒவ்வொன்னா கழட்டிட்டு போட்டுப் பாரு லா, தங்கச்சி."

பிரிண்டரைக் கழற்றினேன். அசையவில்லை.

கீபோர்டைக் கழற்றினேன். உடனே திறந்துகொண்டது!

கீபோர்டை உற்றுப் பார்த்தால், எண்டர் பட்டன் அழுந்தியபடியே ஒட்டிக் கிடக்கிறது. அதைச் சுற்றிக் காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம். நேற்று ஆயுத பூஜை.

"அம்மா, இதுல போய் ஏன்மா வெச்சீங்க?"

"அதுதான பெரிய பட்டன்? பொட்டு நல்லா நின்னுச்சு."

பல்குச்சியால் சுரண்டி, ஈரத்துணியால் துடைத்து, பத்து மணிக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது உள்ளே நுழைந்தேன். இன்டர்வியூ நன்றாகவே போனது.

வெளியே வந்ததும் அம்மா சொன்னார்: "பாத்தியா? பொட்டு வெச்சதாலதான் கீபோர்டோட போச்சு. இல்லன்னா கம்ப்யூட்டரே போயிருக்கும்."

வேலை கிடைத்தால் அதற்கும் இந்தப் பொட்டுதான் காரணமாகும். கிடைக்காவிட்டால், அதைச் சுரண்டிய நான்.

உங்கள் வீட்டில் நேற்று பொட்டுக்கு எதெல்லாம் மாட்டியது?