எமரால்டு பஸ்ஸில் ரூட் இரண்டு

இன்று ஊட்டியில் எமரால்டு ஊருக்குப் போகும் பஸ் ஏறினால், பக்கத்து சீட்டில் ஒரு பள்ளிக்கூடப் பெண் அழுதுகொண்டிருக்கிறாள். கணக்குப் பரீட்சையாம்.

"நான் 1/√2ன்னு எழுதிட்டனுங்க்கா. மத்த எல்லாருக்கும் √2/2 வந்துருக்குதுங்க."

கணக்குக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை நின்று பல வருஷம் ஆகிறது. போனில் கால்குலேட்டரைத் திறந்து இரண்டையும் போட்டுப் பார்த்தேன்.

இரண்டுமே 0.707!

எட்டிப் பார்த்தவள் துள்ளினாள். "ஐயோ, மேலயும் கீழயும் ரூட் ரெண்டால பெருக்குனா அதேதானுங்க்கா!"

நானே பாஸான மாதிரி மூச்சு வந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்துக் கேட்டாள்: "ரெண்டும் ஒன்னுன்னா, கீழ ரூட் இருக்கக்கூடாதுன்னு எதுக்குங்க்கா சொல்றாங்க?"

நல்லவேளை, நான் இறங்கவேண்டிய பாலாடா ஸ்டாப் வந்துவிட்டது. கேரட் மூட்டையைத் தாண்டிக் குதித்து இறங்கிவிட்டேன்.

தெரிந்தவர்கள் இன்றைக்குள் சொல்லிவிடுங்கள். நாளைக்கும் எனக்கு அதே பஸ்தான்.