மார்கரெட் வீட்டில் நிமிர்ந்து நின்ற டிவி

ரிசார்ட்டை மூடிய அன்று, ஸ்டோர் ரூமில் இருப்பதில் ஆளுக்கு ஒரு பொருள் எடுத்துக்கொள்ளலாம் என்று மேனேஜர் சொன்னார். தோட்டக்காரர் ஒரு ஏசியை எடுத்தார். சமையல்காரர்கள் இரண்டு பேர் ஒரே ஃபிரிட்ஜின் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டு பேச்சுவார்த்தை நடத்தினார்கள். லாண்டரி சூப்பர்வைசர் மார்கரெட், கீழ்த்தளத்து மூலையில் கிழிந்த பெட்ஷீட் போர்த்தி நின்ற வீடியோ கேம் மெஷினைக் காட்டி, "எனக்கு அது" என்றாள்.

மேனேஜர் திரும்பவும் கேட்டார். பேரப்பிள்ளைகளுக்கா என்று விசாரித்தார். மார்கரெட்டுக்குப் பேரப்பிள்ளை கிடையாது; கூடுவாஞ்சேரியில் வேலையாக இருக்கும் மகன் ஜோயலுக்கு இன்னும் பெண்ணே பார்க்கவில்லை. யாருக்கு என்று அவள் கடைசி வரை சொல்லவில்லை. ஐம்பத்து நான்கு வயதில் அதை வாய்விட்டுச் சொல்ல அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

வடநெம்மேலிப் பக்கம் கடலைப் பார்த்து நின்ற அந்த ரிசார்ட்டில் அவள் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்திருந்தாள். துணி போடும் பெரிய மெஷின்கள் கீழ்த்தளத்தில் இருந்தன. அவற்றுக்கு அடுத்த அறையில் விருந்தாளிகளின் பிள்ளைகளுக்காக இந்த விமான விளையாட்டை வைத்திருந்தார்கள். பிள்ளைகளெல்லாம் கடலுக்குப் போய்விடும். பெட்ஷீட் சுற்று ஒன்று முடிய நாற்பத்திரண்டு நிமிஷம் ஆகும். அந்த நாற்பத்திரண்டு நிமிஷத்தில் யாரும் யாரையும் தேட மாட்டார்கள். மார்கரெட் அடுத்த அறைக்குப் போய் நின்றுகொண்டு விமானம் ஓட்டுவாள்.

அதில் அவள் எவ்வளவு தூரம் தேறியிருந்தாள் என்பது யாருக்கும் தெரியாது. அதிக மதிப்பெண் எடுத்தவர் பட்டியலில் மேலிருந்து கீழ்வரை மூன்று எழுத்தில் அவள் பெயரே இருக்கும். சாயங்காலம் காவலாளி வந்து மெயின் சுவிட்சை அணைத்ததும் பட்டியல் அழிந்துவிடும். மறுநாள் காலை யாருமே ஆடாத மெஷின் மாதிரி அது முழிக்கும். மார்கரெட் மறுபடி முதலிலிருந்து தொடங்குவாள். இதில் அவளுக்கு வருத்தம் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. துவைத்த பெட்ஷீட்டும் மறுநாள் அழுக்காகத்தானே வருகிறது.

மெஷினை ஒரு குட்டியானை வண்டியில் ஏற்றிப் பூஞ்சேரிக்குக் கொண்டுவந்தார்கள். சாளுவன்குப்பத்துக்கு அருகே ஒரு வேகத்தடையை டிரைவர் கவனிக்கவில்லை. வண்டி ஒரு முறை எகிறி இறங்கியது. உள்ளே ஏதோ கண்ணாடி விரிசல் விட்ட மாதிரி ஒரு சின்ன சத்தம் வந்தது. டிரைவர் பாட்டுச் சத்தத்தைக் கூட்டினார்.

வீட்டில் மார்கரெட்டின் கணவர் ஜெபகுமார் வாசலில் நின்று பார்த்தார். செங்கல்பட்டுக்கும் கல்பாக்கத்துக்கும் இடையே முப்பது வருஷம் அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ரிசார்ட்டிலிருந்து பீரோ வருகிறது என்று நினைத்திருந்தார். பெட்ஷீட்டை விலக்கியதும், எரிந்துகொண்டிருக்கும் விமானம் ஒன்றின் படம் அவருக்கு எதிரே தெரிந்தது.

"இதுல துணி எங்க வெக்கிறது?" என்று கேட்டார்.

பிளக்கைச் சொருகியதும் மெஷின் பாடியது. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. பிக்சர் டியூபின் கழுத்து ஒடிந்திருந்தது. ஜெபகுமார் அத்தோடு விஷயம் முடிந்தது என்று நாஸ்தா சாப்பிட உட்கார்ந்துவிட்டார்.

முடியவில்லை. மார்கரெட் கறுப்புத் திரைக்கு முன்னால் நின்று ஆடத் தொடங்கினாள். எந்தப் பக்கத்திலிருந்து எதிரி விமானம் வரும், பாட்டு எந்த இடத்தில் மாறும்போது இடப்பக்கம் ஒதுங்க வேண்டும் என்பதெல்லாம் அவள் கைக்கு மனப்பாடமாக இருந்தது. சத்தத்தை மட்டும் கேட்டு இரண்டாம் கட்டம் வரை போனாள். மூன்றாம் கட்டத்தில் ஒரு பாலம் வரும். அங்கே மட்டும் பார்க்காமல் முடியவில்லை. தினமும் அந்தப் பாலத்தில் செத்தாள். செத்ததும் தலைமுடியைச் சரிசெய்துகொண்டு மறுபடி தொடங்கினாள்.

மூன்று வாரம் இப்படிப் போனது. பக்கத்து வீட்டு அம்சா, மார்கரெட் காலையில் கறுப்புப் பெட்டி ஒன்றின் முன் நின்று கையை ஆட்டி ஆட்டி எதையோ கும்பிடுகிறாள் என்று தெருவில் சொல்லிவிட்டாள். ஜெபகுமார் ஒரு நாள் சமையலறை வாசலிலிருந்து அவளுக்குத் தெரியாமல் பார்த்தார். மழையில் வைப்பர் வேலை செய்யாத பஸ்ஸை அவர் கல்பாக்கம் வரை ஓட்டிப்போயிருக்கிறார். இவளோ கண்ணாடியே இல்லாத ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தாள், அதுவும் நிதானமாக. அவருக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. சட்டையை மாட்டிக்கொண்டு செங்கல்பட்டு பஸ் ஏறினார்.

லக்ஷ்மிநாராயணனுக்குப் பழைய பஸ் ஸ்டாண்டு அருகே டிவி ரிப்பேர் கடை. ஜெபகுமாரின் பஸ்ஸில் வருஷக்கணக்காக வந்து போனவர். ஜெபகுமாரோடு வீட்டுக்கு வந்து, மெஷினின் முதுகைத் திறந்து, டார்ச் அடித்துப் பார்த்தார். டியூபை யாரும் தொடவேண்டாம், அணைத்த பிறகும் ஷாக் அடிக்கும் என்று எச்சரித்தார். இந்த மாதிரி டியூப் இனி எங்கேயும் கிடைக்காது என்றார். பிறகு கீழே கையைவிட்டு ஒரு பச்சை போர்டை வெளியே இழுத்தார்.

"அக்கா, வெளையாட்டு மொத்தமும் இதுக்குள்ளதான் கீது. படத்த அனுப்பிக்கினுதான் கீது. வாங்கிக்க ஆள் இல்ல. ஒரு டிவி குடுத்தா முடிச்சுக் குடுத்துடுவேன்."

மூன்று பேரும் சுவரைப் பார்த்தார்கள். போன கிறிஸ்துமஸுக்கு ஜோயல் வாங்கிக் கொடுத்த நாற்பத்து மூன்று அங்குல டிவி அங்கே தொங்கியது. அது ஜெபகுமாரின் டிவி. தினம் சாயங்காலம் அதில் விவாத நிகழ்ச்சி பார்ப்பார். பார்ப்பது என்பது சரியில்லை, கலந்துகொள்வார். நாற்காலியின் நுனிக்கு வந்து, கட்சிக்காரர்களை ஒருமையில் திட்டி, நெறியாளரை அடிக்கப் போவார். இதனால் அவருடைய ரத்த அழுத்தம் ஏறி, டாக்டர் மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போனார். டிவியைத் தர முடியாது என்று ஜெபகுமார் சொன்னார். மார்கரெட் வற்புறுத்தவில்லை. போய்க் கறுப்புத் திரையின் முன் நின்றாள். பாலம் வந்தது. செத்தாள்.

"சரி, எடுத்துக்க நைனா" என்றார் ஜெபகுமார், மெக்கானிக்கிடம்.

அது நினைத்தமாதிரி எளிதாக இல்லை. போர்டிலிருந்து சிவப்புக்கு ஒரு ஒயர், பச்சைக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று, படத்தை நேராக நிறுத்தும் சிக்னலுக்கு ஒன்று என்று தனித்தனியாக வந்தது. டிவியிலோ எல்லாவற்றையும் ஒரே கேபிளில் வாங்கும் ஓட்டைதான் இருந்தது. நேராகச் சேர்த்தால் டிவிக்கு ஒன்றும் புரியாது. பழைய மெஷின் பேசும் வேகமே வேறு என்று லக்ஷ்மிநாராயணன் விளக்கினார். நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். ஆன்லைனில் ஒரு கன்வெர்ட்டர் போர்டு வரவழைத்தார். அது கம்ப்யூட்டர் மானிட்டருக்குப் பேசியது, டிவிக்குப் பேசவில்லை. அதற்கும் டிவிக்கும் நடுவே இன்னொரு கன்வெர்ட்டர் வந்தது.

முதல் நாள் படம் வந்தது. ஆனால் அச்சரப்பாக்கம் பஸ்ஸின் ஜன்னலில் பார்ப்பதுபோல் நிற்காமல் மேலே ஓடிக்கொண்டே இருந்தது. நிறுத்தும் சிக்னலின் ஒயர் விட்டிருந்தது. அதை வைத்துப் பற்றவைத்ததும் நின்றது. வானம், கடல், விமானம் எல்லாம் பச்சையாக இருந்தன. சிவப்பு ஒயரையும் நீல ஒயரையும் மறுபடி சொருகி, கன்வெர்ட்டரில் இருந்த சின்னச் சின்னத் திருகுகளைத் திருப்பினார். கடல் நீலமானது. நெருப்பு சிவந்தது.

எல்லாம் சரியாகிவிட்டது. படம் மட்டும் பக்கவாட்டில் படுத்திருந்தது.

விமானம் கீழிருந்து மேலே பறக்க வேண்டும். இங்கே அது இடப்பக்கச் சுவரிலிருந்து வலப்பக்கச் சுவரை நோக்கிப் பறந்தது. லக்ஷ்மிநாராயணன் தலையில் கைவைத்துக்கொண்டார். அந்தக் காலத்தில் டியூபைப் பெட்டிக்குள் பக்கவாட்டில் படுக்கவைத்துப் பொருத்தியிருக்கிறார்கள். திரை உயரமாக இருக்க வேண்டும் என்பதற்காக அப்படி. இந்தக் கன்வெர்ட்டர் படத்தைத் திருப்பித் தராது. வேறு என்ன வழி என்று ஜெபகுமார் கேட்டார். ஒரே வழிதான் இருந்தது, அதைச் சொல்லத்தான் மெக்கானிக்குக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

டிவியின் முதுகில் சுவரில் மாட்டுவதற்கான நான்கு ஓட்டைகளும் சரியான சதுரமாக இருந்தன. கழற்றி வலப்பக்கமாகத் திருப்பி மாட்டினார்கள். படம் தலைகீழாக வந்தது. மறுபடி கழற்றி இடப்பக்கமாகத் திருப்பி மாட்டினார்கள். டிவி ஒரு ஆள் மாதிரி சுவரில் நிமிர்ந்து நின்றது. விமானம் மேலே பறந்தது.

மார்கரெட் புடவைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு மெஷினின் கைப்பிடியைப் பிடித்தாள். ஜெபகுமாரும் மெக்கானிக்கும் ஓரமாக நின்றார்கள். பாலம் வந்தது, போனது. ஜெபகுமார் அப்போதுதான் மூச்சுவிட்டார். அவள் ஒரு குண்டுகூட வீணாகச் சுடவில்லை. பஸ் ஸ்டாண்டில் வண்டியைப் பின்னால் எடுக்கும் நல்ல டிரைவரிடம் இருக்கும் ஒரு அலட்சியம் அவள் தோளில் இருந்ததை முப்பது வருஷ டிரைவர் கண்டுகொண்டார். இதை எப்போது, எங்கே கற்றுக்கொண்டாள் என்று கேட்க வாய்வரை வந்தது. அவள் கவனம் கலைந்துவிடுமோ என்று கேட்கவில்லை.

நாற்பத்திரண்டு நிமிஷம் தாண்டியது. இதுவரை அவள் பார்த்தேயிராத இடங்கள் வந்தன. துணி மெஷினின் பீப் சத்தம் எப்போதும் அவளை இதற்கு முன்பே கூப்பிட்டுவிடும். கடைசியில் ஒரு பெரிய கப்பல் வெடித்துச் சிதறியது. வாழ்த்துகள் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி, அதிலும் ஒரு எழுத்துப் பிழை. பிறகு அதே கடல், அதே பாட்டு, முதல் கட்டம்.

"இன்னாங்க இது, மொதல்லேர்ந்து வருது" என்றாள் மார்கரெட். கையை எடுக்கவில்லை.

"பஸ்ஸும் கல்பாக்கம் போனா திரும்பித்தான் வரணும். ஓட்டு" என்றார் ஜெபகுமார்.

மார்கரெட் சிரித்த சிரிப்பில் விமானம் ஒன்று விழுந்தது. ஆனாலும் ஓட்டினாள்.

சாயங்காலம் விவாத நிகழ்ச்சி வந்தபோதுதான் அடுத்த சிக்கல் தெரிந்தது. கட்சிக்காரர்கள் நான்கு பேரும் ஒருவர்மேல் ஒருவராகப் படுத்துக்கொண்டு கத்தினார்கள். தினமும் டிவியைக் கழற்றித் திருப்ப முடியாது. திருகுகள் தேய்ந்துவிடும் என்று மெக்கானிக் சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஜெபகுமார் கழுத்தைச் சாய்த்துப் பார்த்தார், வலித்தது. கட்டிலை இழுத்துப் போட்டு இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்தார். எல்லாரும் நேராகிவிட்டார்கள்.

படுத்துக்கொண்டு ஒருவரை அடிக்கப் போக முடியாது. திட்டினாலும் குரல் தலையணைக்குள் போய்விடுகிறது. முதல் இடைவேளைக்குள் ஜெபகுமார் தூங்கிப்போனார். மறுநாளும் அப்படியே. ஒரு மாதம் கழித்து ரத்த அழுத்தம் பார்த்த டாக்டர் கருவியைத் தட்டிப் பார்த்துவிட்டு மறுபடி அழுத்தினார். ஒரு மாத்திரையை நிறுத்தினார். என்ன செய்கிறீர்கள் என்று விசாரித்தார். டிவியைத் திருப்பி மாட்டினேன் என்று ஜெபகுமார் உள்ளதைச் சொன்னார். டாக்டர் அதை எழுதிக்கொள்ளவில்லை.

ஜெபத்துக்கு வந்த போதகர்தான் இந்த ஏற்பாட்டில் கொஞ்சம் புண்பட்டார். லோக்கல் கேபிளில் அவருடைய அரைமணி நேர தேவச்செய்தி வரும் வேளை அது, போடச் சொன்னார். டிவியில் அவர் ஒருக்களித்துக் கிடந்தபடி கை நீட்டிப் பிரசங்கித்தார். ஜெபத்துக்கு வந்திருந்த பெண்கள் கழுத்தைச் சாய்த்துப் பார்த்தார்கள். அம்சாதான் முதலில் பாயை விரித்து ஒருக்களித்துப் படுத்தாள். கறுப்புப் பெட்டி வழிபாடு என்று தெருவெல்லாம் சொன்னவள், இப்போது டிவி பார்க்க நாள் தவறாமல் வருகிறாள். வந்திருந்த மற்றப் பெண்களும் ஒவ்வொருவராகப் படுத்தார்கள். போதகர் மட்டும் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்து, படுத்திருக்கும் தன்னைக் கடைசி வரை பார்த்தார். கிளம்பும்போது, இந்தக் கோணத்தில் தன் தொப்பை தெரியவில்லை என்பதை மார்கரெட்டிடம் மெதுவாகச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை ஜோயல் வந்தான். கதவைத் திறந்ததும் அவன் கண்ணில் பட்டது, தான் வாங்கிக் கொடுத்த டிவி சுவரில் செங்குத்தாக நிற்பதும், அதற்கு முன்னால் பெற்ற அப்பா கட்டிலில் சாய்ந்து கிடப்பதும். அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்றுதான் முதலில் நினைத்தான். விஷயம் புரிந்ததும் கோபம் வந்தது. அடுத்தவர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்றான். அம்மா விளையாட வேண்டும் என்றால் சொல்லியிருந்தால் அவளுக்குத் தனியாக ஒரு டிவி வாங்கித் தந்திருக்க மாட்டேனா என்றான். அன்றைக்கே மார்கரெட்டைக் கடைக்கு அழைத்துப்போய் இன்னொன்று வாங்கிவந்தான். லக்ஷ்மிநாராயணனைக் கூப்பிட்டு, புதியதை மெஷினுக்கு மேலே செங்குத்தாக மாட்டச் சொன்னான். பழையதை, உலக வழக்கப்படி, நேராக்கச் சொன்னான்.

மெக்கானிக் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு பழைய டிவியின் அருகே போனார். கட்டிலிலிருந்து ஜெபகுமார் கையை நீட்டித் தடுத்தார்.

"நைனா, அத்த தொடாத. அப்டியே இருக்கட்டும்."

ஜோயல் அம்மாவைப் பார்த்தான். மார்கரெட் புது டிவியில் பாலத்தைத் தாண்டிக்கொண்டிருந்தாள், திரும்பவில்லை. கொஞ்ச நேரம் அவன் இரண்டு செங்குத்து டிவிகளுக்கு நடுவே நின்றான். பழைய டிவியில் கிரிக்கெட் ஆரம்பித்துவிட்டிருந்தது. பந்து வீச்சாளன் சுவர்மேல் ஏறுவதுபோல் ஓடிவந்தான். அப்பா கட்டிலில் சற்று நகர்ந்து இடம் விட்டார். ஜோயல் செருப்பைக் கழற்றிவிட்டு, சட்டை கசங்காமல் மெதுவாக, அவர் பக்கத்தில் இடப்பக்கமாகச் சாய்ந்தான்.