எங்கள் வாயைப் பார்த்தவர்

நாவற்குடா மண்டபத்தில் அன்று ஊமைப் படம். குத்துச்சண்டை மேடையில் ஒரு நோஞ்சான், நடுவருக்குப் பின்னால் ஒளிந்தும் குத்து வாங்கி விழுந்தான். சத்தமில்லாததால் வலிப்பதாகவே தோன்றவில்லை. எல்லோரும் உருண்டு சிரித்தோம். பக்கத்தில் இருந்த சப்பை மூக்குக்காரர் மட்டும் திரையை விட்டு எங்கள் வாய்களையே பார்த்தார். ஒருகாலத்துக் குத்துச்சண்டைக்காரர், காது கேளாது, வாயசைவில் பேச்சறிவார்.

“என்ன அண்ணன், படம் பாக்கல்லையா?”

“நான் மேடையில விழுந்த அண்டுதான் காதும் போச்சு தம்பி. சனம் சிரிச்சதா, அழுததா எண்டு இண்டைக்கும் தெரியா. நீயும் அங்க நிண்டதானே, சொல்லு.”

அன்று விசிலடித்துச் சிரித்தவனே நான்தான். “அழுதாங்க அண்ணன்” என்றேன். பாழாய்ப்போன என் முகம், பயம் வந்தாலும் பல்லைத்தான் காட்டும்.

அவர் என் வாயைச் சற்றுநேரம் பார்த்தார். பிறகு திரைப்பக்கம் திரும்பிக்கொண்டார்.