கடைசி வளைவில் அனுசுயா

நெருப்பெரிச்சல் என்ற ஊரில் கிட்டுசாமியின் பனியன் கம்பெனியில் ஏழு வருடம் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்து தைத்த அனுசுயா, அந்த ஏழு வருடத்தில் ஒரு முழு பனியனைக்கூடத் தைத்ததில்லை. அவள் வேலை கழுத்து வைப்பது. லட்சக்கணக்கான கழுத்துகள் அவள் கையால் கடல் கடந்திருக்கின்றன. கையும் பக்கவாட்டும் கீழ்மடிப்பும் மற்றவர்கள் தைத்தவை. சங்கரன்கோவிலில் இருந்த தங்கை, நீ தைத்த சட்டை ஒன்று அனுப்பு என்று போனில் கேட்டபோது, "கழுத்து வேணா தாரேன், மிச்சத்த நீயே பாத்துக்க" என்று சொல்லிவிட்டாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அன்று முழுக்க அது அவளை அரித்தது.

கம்பெனியில் ஒரே ஒரு நாற்காலியில் உட்கார்ந்தால்தான் முழு பனியன் தைக்கலாம். அது மாடியில், சாம்பிள் ரூமில் இருந்தது. வெளிநாட்டு பையர் பார்த்து ஆர்டர் கொடுக்கும் மாதிரியை அங்கே ஒரே ஆள் தொடங்கி ஒரே ஆள் முடிப்பார். 2008இல் அந்த நாற்காலி காலியானது. அனுசுயா போய்க் கேட்டாள்.

கேட்டது முதலாளி மகன் ரித்தீஷிடம். அவன் எம்.பி.ஏ. முடித்து வந்த வேகத்தில் சுவரில் ஒரு சார்ட் ஒட்டியிருந்தான். எந்த டெய்லர் மணிக்கு எத்தனை பீஸ் என்று அதில் இருக்கும். முதலிடம் கன்னையன். அவர் சைடு அடிப்பவர்: அக்குளிலிருந்து இடுப்புவரை நேராக ஒரே இழுப்பு, முடிந்தது. கழுத்தோ வட்டம். நேருக்கும் வட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தை எழுத அந்தச் சார்ட்டில் கட்டம் இல்லை. ஆகவே அனுசுயா கீழிருந்து மூன்றாவது.

"வேகம் பத்தலீங்களேக்கா" என்றான் ரித்தீஷ். கொங்கு நாட்டில் ஒருவரை மறுக்கும்போதும் மரியாதைக்குக் குறை வைக்க மாட்டார்கள். சனிக்கிழமை கன்னையன் பெயரை அறிவிப்பதாக இருந்தது.

அது மின்வெட்டுக் காலம். மத்தியானம் கரண்ட் போனால் மெஷின்கள் தூங்கும்; ஜெனரேட்டர் அயர்னுக்கும் ஆபீசுக்கும் மட்டும். அந்த நேரத்தில் கம்பெனியில் ஓடிய ஒரே வண்டி ரித்தீஷின் கையில் இருந்தது. சிங்கப்பூரிலிருந்து அவன் மாமா கொண்டுவந்த, இரண்டு கையாலும் பிடித்து ஆடுகிற வீடியோ கேம். அதில் தெருவில் கார் ஓட்டும் பந்தயம். கடைசி ரேஸில் ஒரு கறுப்புக் கார் வரும். அதை மூன்று வாரமாக அவனால் ஜெயிக்க முடியவில்லை.

அந்த கேமைப் பற்றிக் கம்பெனியில் எல்லோருக்கும் அபிப்பிராயம் இருந்தது. ஆடாதவர்களுக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. கட்டிங் மாஸ்டருக்குக் கார்களின் வெட்டு பிடித்திருந்தது. அயர்ன் மாஸ்டர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சூடு பத்தாது என்றார். டிவியில் ஆடும் பெரிய கேமில் ஊர் முழுக்கச் சுற்றலாம், இதில் துண்டு துண்டாகத்தான் தெரு என்பது ரித்தீஷின் குறை. ஒவ்வொரு ரேஸும் வருவதற்கு முன் படம் உறைந்து நிற்கிறது, கடைசிக் கார் கள்ளத்தனம் செய்கிறது என்று இன்டர்நெட்டில் உலகமே எழுதியிருப்பதாகவும், தானும் எழுதிப் பத்துக்கு நாலு மார்க் போட்டதாகவும் அவன் சொன்னான். கன்னையன் ஆடிப் பார்த்தார். நேர் ரோட்டில் பறந்தார். முதல் வளைவிலேயே சுவரில் மோதினார். ரோடு சரியில்லை என்பது அவர் முடிவு.

வெள்ளிக்கிழமை மத்தியானம், அதுவரை பின்னால் நின்று பார்த்த அனுசுயா, ஒரு தடவை ஓட்டட்டுமா என்று கேட்டாள்.

"கழுத்துக்கார அம்மிணி ஓட்டுனா பொழுது உளுந்துருமுங்க" என்றார் கன்னையன். எல்லோரும் சிரித்தார்கள். ரித்தீஷும் சிரித்துவிட்டுக் கொடுத்தான்.

முதல் தடவை அவளும் மோதினாள். இரண்டாம் தடவை, எல்லோரும் திட்டும் அந்த உறைந்த படத்தை அவள் உற்றுப் பார்த்தாள். ரோட்டின் வரைபடம் அதில் இருந்தது. ஒரு மூலை நீண்ட வட்டம். விரலால் நாலு இடத்தைத் தொட்டுக்கொண்டாள். கழுத்துப் பட்டியை அப்படித்தான் நாலாக மடித்துப் புள்ளி வைப்பார்கள். புள்ளிக்குப் புள்ளி இழுவை மாறும். புள்ளி வருமுன் மிதியைத் தளர்த்தத் தெரியாதவர் தைத்தால் கழுத்து அலை அலையாக நிற்கும்.

ஒவ்வொரு புள்ளிக்கும் முன்னால் அவள் கட்டைவிரல் எழுந்தது. வளைவு தாண்டியதும் அமுங்கியது. கறுப்புக் கார் நேரில் முந்தியது, வளைவில் பின்தங்கியது. கடைசிச் சுற்றில் இரண்டும் ஒட்டி ஓடும்போது கரண்ட் வந்துவிட்டது. டியூப்லைட்டுகள் கண் சிமிட்டின. சூப்பர்வைசர் நஞ்சப்பன், எல்லோரையும் மெஷினுக்குப் போகச் சொல்லிக் குரல் கொடுத்தார். பீஸ் கணக்குச் சார்ட் ஒட்டிய ரித்தீஷ், திரையை விட்டுக் கண்ணெடுக்காமல், இருக்கச் சொல்லிக் கையைக் காட்டினான். நாற்பது மெஷின்கள் சும்மா நின்றன.

கடைசி வளைவில் கறுப்புக் கார் அகலமாகப் போனது. அனுசுயா உள்பக்கம் புகுந்து வெளியே வந்தபோது அவள் முன்னால் ரோடு மட்டுமே இருந்தது.

கட்டிங் மாஸ்டர் மேஜையைத் தட்ட, டெய்லர்களுக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடிப் பெண்கள் விசிலடித்தார்கள். ரித்தீஷ் கேமை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"எப்படீங்க்கா?"

"வளைவுக்கு முந்தி விட்டுட்டேன், சார். உங்க சார்ட்ல நேரா ஓடுதவங்களத்தான் எண்ணியிருக்கீக. சைடு வேற, கழுத்து வேற." சற்று நிறுத்திச் சொன்னாள்: "போன மாசம் பையர் திருப்பி அனுப்புன சாம்பிள் எதுல போச்சுன்னு பாருங்க."

பார்க்கவே வேண்டியதில்லை. திரும்பி வந்த இரண்டு சாம்பிளும் கழுத்தில்தான் போயிருந்தன. ரித்தீஷுக்குக் காது சிவந்தது. மாடிச் சாவியை எடுத்து நீட்டினான். நாளைக்குள் ஒன்று தைத்துக் காட்டச் சொன்னான்.

சனிக்கிழமை சாம்பிள் ரூம் மேஜையில் வைத்த பனியனின் கழுத்து தண்ணீர்போல் படிந்து கிடந்தது. கன்னையன் அதை எடுத்து, தன் தொழிலுக்கு உண்மையாக, பக்கவாட்டைத்தான் முதலில் பார்த்தார். "சைடு ஒரு நூல் கோணலுங்க" என்றார். பிறகு கழுத்தை இழுத்து விட்டார். அது தன் இடத்துக்குத் திரும்பியது. "நாற்காலி அம்மிணிக்குத்தானுங்க" என்று கொடுத்துவிட்டு இறங்கிப் போனார்.

சார்ட் அன்றே சுவரிலிருந்து இறங்கியது. இன்டர்நெட்டில் ரித்தீஷ் தன் மார்க்கை எட்டாக்கினான். கார் கள்ளத்தனம் செய்யவில்லை, நாம்தான் வளைவில் அவசரப்படுகிறோம் என்று உலகத்துக்கே அறிவுரை சொல்லியிருந்தான். யாரிடம் கற்றான் என்று மட்டும் எழுதவில்லை.

சாம்பிள் அட்டையில் தைத்தவர் பெயருக்கு ஒரு கோடு உண்டு. அனுசுயா அதில் தன் பெயரை முழுதாக எழுதினாள். பக்கத்தில் இன்னொரு பெயருக்கு இடம் இல்லை, தேவையும் இல்லை. அதே அளவில் இன்னொன்று தைத்து, காசு கட்டி வாங்கி, சங்கரன்கோவிலுக்கு அனுப்பிவைத்தாள்.